மேஜருக்கு மேலதிகாரி

செல்வதாஸ் சவுதியிலுள்ள தம்மாமில் கேம்ப் பாஸாக இருந்தவர். கேம்ப் பாஸ் என்றால் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்புக்கு ராஜா. யார் எந்தக் கட்டிலில் படுப்பது, யார் எப்போது குளிப்பது, மெஸ்ஸில் இன்றைக்குக் கோழியா பருப்பா என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஆள். அவர் விசிலை வாயில் வைத்தால் அறுநூறு பேர் வரிசையில் நிற்பார்கள். அப்படிப்பட்டவர் வேலையை முடித்துக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தபோது, வீட்டில் அவர் சொல்லுக்கு மிக்சி கூடக் கட்டுப்படவில்லை. அதை ஓட்டுவதற்கு ஓரிடத்தில் தட்ட வேண்டும். எந்த இடம் என்பது மனைவி நேசபாய்க்கு மட்டும்தான் தெரியும்.

அவர் இல்லாத இருபது சொச்சம் வருஷத்தில் வீடு கட்டியது, தென்னைக்கு ஆள் விட்டது, மகள் பிரீனாவைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது என்று சகல காரியத்தையும் நேசபாய் முடித்திருந்தாள். செல்வதாஸ் எதைச் சொன்னாலும் அவள் "செரி" என்பாள். பிறகு தன் இஷ்டம்போலச் செய்வாள். சண்டை போட்டாலாவது ஒரு மரியாதை இருக்கும். இந்த "செரி"யை என்ன செய்வது? விருந்துக்கு வந்து திரும்பிப் போக மறந்த சொந்தக்காரர் மாதிரி அவர் வீட்டில் நடமாடினார்.

ஆகவே அவர் இரண்டு காரியங்களில் இறங்கினார். ஒன்று, சபைச் செயலர் தேர்தலில் நிற்பது. அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, நிம்மதி சுத்தமாகக் கிடையாது. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிவில் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசிக்கும்போது அத்தனை குடும்பங்களும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டே ஆக வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகச் செல்வதாஸ் உயிரையே கொடுப்பார். எதிர்த்து நிற்பவர் ஜான்ரோஸ். திங்கள்சந்தையில் இரும்புக்கடை, குரலும் கடைச் சரக்குதான்.

இரண்டாவது காரியம் மேஜர். மார்த்தாண்டத்திலிருந்து வாங்கி வந்த லாப்ரடார் நாய், வறுத்த முந்திரிப்பருப்பு நிறம். பெயர் வைத்தவர் செல்வதாஸ்தான்.

"பேருலயே மேஜர் உத்தியோகத்தக் குடுத்தாச்சி. பின்ன அது எதுக்கு உங்க சொல்லக் கேக்கும்?" என்றாள் நேசபாய்.

கேட்கவில்லைதான். தினமும் காலையில் மேஜரை நடத்திக்கொண்டு போவதாகச் செல்வதாஸ் சொல்வார். ரோட்டில் பார்த்தவர்கள் அதை வேறு விதமாகச் சொல்வார்கள். ஒருநாள் மேஜர் அவரை மீன்காரியின் கூடைக்கு இழுத்துப் போனது. மறுநாள் நேராக ஜான்ரோஸ் வீட்டு முற்றத்துக்கே இழுத்துப் போய், அங்கே காய்ந்துகொண்டிருந்த மரச்சீனிக் கிழங்குத் துண்டங்களின் நடுவில் நிறுத்தியது. ஜான்ரோஸ் பல்குச்சியோடு வெளியே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஓட்டுக் கேக்க வந்தியளா? இல்ல பட்டி கூட்டிட்டு வந்துதா?"

அந்தப் பக்கத்தில் நாய்க்குப் பட்டி என்று பேர். அன்று முழுக்கச் செல்வதாஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் தெளிவு பிறந்தது. கறுப்புக் கண்ணாடியும் ராணுவச் சட்டையும் போட்ட ஒரு மலையாளி, வீடியோவில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தான். நாய் என்பது உள்ளுக்குள் ஓநாய். ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு. நீ தலைவனாக இல்லையென்றால் நாய் தலைவனாகிவிடும். தலைவன்தான் முதலில் சாப்பிடுவான், முதலில் வாசலைத் தாண்டுவான். அடங்காத நாயை மல்லாக்கத் தள்ளி, அது கண்ணைத் திருப்பிக்கொள்ளும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணைத் திருப்பிவிட்டால் நீ ஜெயித்துவிட்டாய்.

மறுநாளே சட்டம் அமலுக்கு வந்தது. வாசற்படியில் செல்வதாஸ் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு மேஜரைப் பின்னால் தள்ள, மேஜர் அவர் காலிடுக்கில் தலையைக் கொடுக்க, இருவரும் அங்கேயே மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். நேசபாய் மீன் பையோடு வந்தவள், ரெண்டு பேரையும் முழங்கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். மேஜர் அவள் பின்னாலேயே போயிற்று. கடைசியாக வீட்டுக்குள் நுழைந்தவர் செல்வதாஸ்.

சாப்பாட்டு மேசையில் மட்டும் சட்டம் பலித்தது. செல்வதாஸ் ஜெபம் பண்ணுவார். அவருடைய ஜெபம் தம்மாமில் தொடங்கி, ஊர் உலகமெல்லாம் சுற்றி, பிரீனாவின் மாமியார் முழங்கால் வலிவரை போய்த்தான் முடியும். அதுவரை மேஜர் பக்கத்தில் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருக்கும். "ஆமென்" சொல்லி அவர் ஒரு வாய் தின்ற பிறகு அதற்குத் தட்டு வைப்பார்.

"பாத்தியா? தலைவன் யாருன்னு அதுக்குப் புரிஞ்சிபோச்சி. முதல்ல திங்கவன் தலைவன்" என்றார்.

நேசபாய் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். "அப்பிடியா? இந்த வீட்டுல நான் வந்த நாளையிலேருந்து கடைசியில திங்கவ நானாக்கும். உங்க அம்மைக்கு, பிள்ளைக்கு, வேலைக்கு வந்தவனுக்கு, இப்பம் பட்டிக்கு, எல்லாத்துக்கும் போட்டுட்டுதான் எனக்கு. அந்தக் கணக்குக்கு இஞ்ச ஆகக் கீழ கிடக்கவ நான். ஆனா நான் இல்லேன்னா இந்த வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு ஒருத்தருக்குத் தெரியாது. அது என்ன சட்டம், உங்க ஓநாய்க்க சட்டம்?"

ஓநாய்க் கூட்டத்தில் பரிமாறுவது யார் என்று வீடியோவில் சொல்லவில்லை.

அந்த வாரம் ஊசி போடுவதற்கு மேஜரை வடசேரிக்குக் காரில் கொண்டுபோனார். அங்கே கிளினிக் வைத்திருந்த மிருக டாக்டர் ஷஹ்லா தேங்காப்பட்டணத்துப் பெண். வயது பிரீனாவின் வயதுதான் இருக்கும். கிளினிக் கதவில் செல்வதாஸும் மேஜரும் முன்னே போக முண்டிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அங்கிள், வாசல்ல கபடியா?"

செல்வதாஸ் ஓநாய்த் தத்துவத்தை முழுவதுமாக எடுத்துச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அது பழைய கதையாக்கும் அங்கிள். அங்கங்க பிடிச்ச ஓநாயளக் கொண்டுவந்து ஒரே வேலிக்குள்ள அடைச்சுப் போட்டுப் பாத்தாங்க. ஒண்ணுக்கொண்ணு முன்னப்பின்ன தெரியாது. அடிச்சிக்கிடாம என்ன செய்யும்? பின்ன காட்டுக்குள்ள போயிப் பாத்தா கூட்டமும் இல்ல, தலைவனும் இல்ல. தகப்பன், தாய், குட்டியள். ஒரு குடும்பம், அவ்வளவுதான். பழச நம்பிப் புத்தகம் எழுதுன ஆளே, இனி அத அச்சடிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

"தலைவன் இல்லாம எப்பிடி டாக்டரம்மா நடக்கும்? அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாவ?"

"மாடுன்னா அதுக்கு இந்தக் கிளினிக்குல தனி ரூம்பு இருக்கு அங்கிள். இது நாயாக்கும்."

"நான் கேம்ப்ல அறுநூறு பேர அடக்கி வச்சவன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். தெரியாத ஆளுவள ஒரு வேலிக்குள்ள அடைச்சா கேம்ப் பாஸு வேணும். எங்க வாப்பாவும் அப்பிடி ஒரு கேம்ப்ல கிடந்தவங்கதான். வீட்டுக்குள்ள எதுக்கு அங்கிள் கேம்ப் பாஸு?" அவள் ஊசியைக் குப்பையில் போட்டாள். "என்னமும் செய்யுங்க. மல்லாக்கப் போட்டு அமுக்குத வேலை மட்டும் வேண்டாம். அது அடங்குதது இல்ல, பயப்படுதது."

வரும் வழியெல்லாம் செல்வதாஸ் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மேஜரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் நல்ல பதில்கள். மேஜர் முன்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

தேர்தலுக்கு முந்தின வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் செல்வதாஸ் வீட்டில் முறை வந்தது. போதகர், ஜான்ரோஸ், முக்கியமான குடும்பங்கள் எல்லாம் வருவார்கள். மேஜரைப் பின்பக்கம் கட்டிப்போடலாம் என்றாள் நேசபாய். செல்வதாஸ் சம்மதிக்கவில்லை.

"ஜெபத்துக்கு இது அசையாம இருக்கும். சனம் பாக்கட்டும். ஒரு பட்டிக்கே இந்த ஒழுங்கு படிச்சுக் குடுத்தவன், சபைய எப்பிடி நடத்துவான்னு அவிய தீர்மானிக்கட்டும்."

"செரி" என்றாள் நேசபாய். இந்த முறை மட்டும் அவள் தன் இஷ்டப்படி செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஹால் நிறைந்துவிட்டது. டீப்பாயில் ஒரு தாம்பாளம் நிறைய உளுந்தவடை. அதன் பக்கத்தில் மேஜர், கல்லாகச் சமைந்து. "கொள்ளாமே!" என்று யாரோ சொன்னது செல்வதாஸ் காதில் தேனாகப் பாய்ந்தது. குளச்சல் பக்கமிருந்து வந்திருந்த பிரசங்கியார் எழும்பி நின்று எல்லாரும் கண்களை மூடுங்கள் என்றார். மூடினார்கள்.

இந்தப் பிரசங்கியாரிடம் ஒரு பழக்கம். மற்றவர்களைப் போல் கடைசியில் ஒரு ஆமென் சொல்லி முடிக்கிறவர் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு ஆமென், அதைச் சனங்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். முதல் ஆமென் வீட்டாருக்காக. ஹாலே அதிர்ந்தது. ஏதோ சளக்கென்று சத்தம் கேட்டுச் செல்வதாஸ் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். தாம்பாளத்தின் ஓரத்தில் ஒரு வடைக்கான இடம் காலியாக இருந்தது. மேஜர் பழையபடி கல்லாக இருந்தது.

முட்டத்துக் கடலில் தொழிலுக்குப் போனவர்களுக்காக ஒரு ஆமென், ஒரு வடை. மணல் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு ஆமென், ஒரு வடை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஊரே உருகிச் சேர்ந்தாற்போல் இரண்டு ஆமென் சொல்ல, மேஜரும் கணக்குத் தவறாமல் இரண்டை எடுத்தது. செல்வதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அது அவருக்கு அடங்கி உட்கார்ந்திருக்கவில்லை. எப்போதடா முடிப்பான் என்று காத்திருந்திருக்கிறது.

ஜெபத்தின் நடுவில் வாய் திறந்து அதட்ட முடியாது. தலைவனின் பார்வையால் முறைத்துப் பார்த்தார். மேஜர் வாலை ஆட்டியது. வால் டீப்பாயில் பட்டுத் தாளம் போட்டது. பிரசங்கியாருக்கு அந்தத் தாளம் ஏதோ பரிசுத்த ஆவியின் எழுப்புதலாகத் தோன்றியிருக்க வேண்டும். உற்சாகமாகி, தேசத்திலுள்ள மாவட்டங்களுக்காகத் தனித்தனியே ஜெபிக்க ஆரம்பித்தார்.

கடைசியில் எல்லாரும் கண்ணைத் திறந்தபோது தாம்பாளத்தில் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். மேஜர் ஏப்பம் விட்டது.

"என்ன அண்ணாச்சி, நாம கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வடையெல்லாம் பரலோகம் போயிட்டா?" என்றார் ஜான்ரோஸ். சிரிப்பு வெடித்தது. போதகரும் வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டார். "ஒரு பட்டிய அடக்கத் தெரியாத ஆளு, சபைய அடக்கப் போறாராம்!"

செல்வதாஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரே பாய்ச்சலில் மேஜரைக் கழுத்தைப் பிடித்து மல்லாக்கத் தள்ளி, முழங்காலை ஊன்றி அமுக்கினார். மேஜர் அதை விளையாட்டென்று நினைத்து முதலில் வாலை ஆட்டியது. அவர் அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து, கேம்பில் கத்துகிற குரலில் கத்தினார். வால் நின்றது. உடம்பு விறைத்தது. தரையில் மூத்திரம் பரவியது. மேஜர் மெல்லக் கண்ணைத் திருப்பிக்கொண்டது.

வீடியோப்படி அவர் ஜெயித்துவிட்டார்.

"விடுங்க அத" என்றாள் நேசபாய். கையை எடுத்தார். மேஜர் வயிறு தரையில் தேயத் தவழ்ந்து போய் அவள் நாற்காலிக்கு அடியில் ஒடுங்கியது. அந்தப் பெரிய உடம்பு அந்தச் சின்ன இடத்துக்குள் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மேஜர் எல்லாச் சட்டங்களுக்கும் கட்டுப்பட்டது. வாசலில் அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றது. ரோட்டில் இழுக்காமல் பின்னால் வந்தது. இரு என்றால் இருந்தது, நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் ஹாலுக்குள் வந்தால் எழும்பி அடுக்களைக்குப் போனது. செல்வதாஸ் ஆசைப்பட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் அவர் வருகிற சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வருகிற ஒரே ஜீவன் அதுதான் என்பது, அது ஓடி வராமல் போன பிறகுதான் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால் ஊரில் அவர் மதிப்பு ஏறிவிட்டது. "கண்டிப்பான ஆளாக்கும். பட்டிய ஒரே அமுக்கு, அதோட அடங்கிச்சி. சபைக்கும் இப்பிடி ஒருத்தர்தான் வேணும்" என்று பேச ஆரம்பித்தார்கள். சிரித்தவர்களே ஓட்டுப் போடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். செல்வதாஸ் அந்தச் செய்திகளைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்ப்பார். மேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

தாங்க முடியாமல் ஷஹ்லாவுக்குப் போன் போட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. அது அவள் பெருந்தன்மை.

"தரையில இருங்க அங்கிள். கூப்பிடாதீங்க, பாக்காதீங்க, கை நீட்டாதீங்க. அதுவா வரணும். வந்தா டக்குனு எழும்பிராதீங்க. எழும்புனா பழைய பயம் வந்துரும்."

"எம்பிடு நாளு ஆவும்?"

"அது அதுக்க தீர்மானம்."

ஆக, தம்மாம் கேம்ப் பாஸ் ஹாலில் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலானார். பேப்பரை மனப்பாடம் ஆகும்வரை படித்தார். மேஜர் அடுக்களை வாசலிலிருந்து பார்க்கும். ஒருநாள் ஹாலின் ஓரம் வரை வந்து, அவர் தும்மியதும் ஓடிப்போனது. மூக்கையே சபித்துக்கொண்டார். நேசபாய் அவரைத் தாண்டித் தாண்டிக் கூட்டிப் பெருக்கினாள்.

தேர்தலுக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், நேசபாய் காய்கறி வாங்க வடசேரிக்குப் போயிருந்தாள். செல்வதாஸ் வழக்கம்போல் தரையில் இருந்தார். பின்னால் நகம் தரையில் உரசும் சத்தம். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஈரமான மூக்கு முழங்கையில் ஒருமுறை பட்டு விலகியது. மறுபடியும் பட்டது. பிறகு கனமான ஒரு தலை அவர் தொடையில் வந்து, வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன் என்பதுபோல மெதுவாக உட்கார்ந்தது. செல்வதாஸ் மூச்சையே அளந்து விட்டார்.

"அண்ணாச்சி!"

வாசலில் ஜான்ரோஸ். கூடவே போதகர். மேஜரின் காது விறைத்தது.

அந்தச் சபையில் போதகரின் நிழல் வாசலில் விழுந்தால் சாகக் கிடக்கிறவனும் எழும்பி நிற்பான். செல்வதாஸின் முழங்காலும் தன்னால் எழும்பத்தான் பார்த்தது. அவர் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, விரலை உதட்டில் வைத்தார். போதகரைப் பார்த்து.

போதகர் ஒன்றும் புரியாமல் தாழ்ந்த குரலில் பேசினார். "நல்ல காரியமாத்தான் வந்தோம். போட்டி வேண்டாம்னு ஜான்ரோஸ் விலகிக்கிடுதாரு. நீங்கதான் செயலர். நீங்க எழும்பி அவருக்கு ஒரு கை குடுத்தா முடிஞ்சிது. அவருக்கும் ஒரு கவுரவம் வேணும்லா?"

செல்வதாஸ் கண்ணுக்கு முன்னால் மைக் வந்து நின்றது. அறிவிப்புத் தாள், வாயை மூடிக்கொண்டு கேட்கும் குடும்பங்கள், எல்லாம் வந்தன. ஒரு எழும்பல், அவ்வளவுதான் தேவை. தொடையின் மேல் இருந்த தலை லேசாக நடுங்கியது. கண் மேலே நிமிர்ந்து அவரைப் பார்த்தது, இன்னும் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் உள்ள வந்து இருங்க. இப்பத்தான் வந்திருக்கு."

"யாரு வந்திருக்கு?"

அவர் கண்ணால் மடியைக் காட்டினார்.

"போதகரு வாசல்ல நிக்காரு. நீங்க பட்டிய மடியில வச்சிக்கிட்டு இருக்கியளா?" ஜான்ரோஸ் குரலுக்கு இரும்புக்கடையே பரவாயில்லை. மேஜர் தலையைத் தூக்கப் பார்த்தது. செல்வதாஸ் அதன் காதை மெல்லப் பொத்தினார்.

"செயலர் பதவிய நீரே வச்சிக்கிடும், ஜான்ரோஸு. சத்தம் மட்டும் போடாதியும்."

போதகர் கொஞ்ச நேரம் நாயையும் மனிதரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, ஆனால் சாட்சிக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது அதை எங்கே வைப்பார்? "செரி, நாளைக்குப் பாப்போம்" என்று திரும்பினார். ரோட்டுக்குப் போனதும் ஜான்ரோஸ் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி சொல்வது உள்ளே கேட்டது. "எழும்பல்ல கேட்டியளா, போதகரு வந்தும் எழும்பல்ல!"

இனி ஒரு ஓட்டும் விழாது என்று செல்வதாஸுக்குத் தெரியும். வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வருத்தத்துக்கும் தொடையில் கிடந்த சூட்டுக்கும் நடுவில் அவர் அசையாமல் இருந்தார்.

நேசபாய் வந்தபோது விளக்குப் போடும் நேரம் ஆகியிருந்தது. பையோடு வாசலிலேயே நின்றாள். ரோட்டிலேயே எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"போதகரய்யா எங்க?"

"போயாச்சி."

"செயலர் காரியம்?"

"அதும் போச்சி. பைய பேசுட்டி. உறங்குது. லைட்டப் போடாத, இஞ்ச வந்து உக்காரு."

நேசபாய் அவரைப் பார்த்தாள். செரி என்று சொல்லவில்லை. பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, லைட்டைப் போடாமல், வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தம்மாமிலிருந்து திரும்பி வந்த நாள் முதலாக அவர் சொல்லி அவள் மனசாரக் கேட்ட முதல் காரியம் அதுதான். செல்வதாஸ் அதைக் கவனிக்கவில்லை. மரத்துப்போன காலை அசைக்காமல் வைத்திருப்பதிலேயே அவர் கவனமெல்லாம் இருந்தது.